பாரமீசியமும் பீடியும்



செருப்பு வடிவத்தில் பாரமீசியம் வரைந்து, ஓரமெல்லாம் குட்டிக் குட்டி முடி போட்டுப் பாகம் குறித்தீர்களே, நினைவிருக்கிறதா? பாதிப் பேர் நாலு கோடு போட்டுவிட்டு நோட்டை நீட்டுவீர்கள். அந்த முடிக்குக் குறு இழை என்று பெயர். அது நம் மூச்சுக்குழாயின் உள்சுவரிலும் இருக்கிறது. இழை உள்ள ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ 200 இருக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஆனால் நொடிக்கு 10, 15 தடவை அடிக்கும். கதிர் வந்த வயலில் காற்று ஓடுவதுபோல வரிசையாய் வளைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் தூங்கினாலும் அது தூங்காது.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் வந்த ஒரு போன். பழைய மாணவன், லாரி ஓட்டுகிறான். பெயர் வேண்டாம்.

"டீச்சர், பீடியை விட்டு இருபது நாளாச்சு. குடிச்சப்போ இல்லாத இருமலும் சளியும் இப்பத்தான் வருது. பேசாம ஒண்ணு பத்த வச்சுடலாமான்னு இருக்கு" என்றான்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்தவள். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துவிடும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டு நடக்கும் மாற்றம் அது. உடம்புக்குள்ளும் ஆக்ஸிஜன் இப்படிச் சில சேதங்களைச் செய்துகொண்டுதான் இருக்கும். அதைத் தடுக்க, மூச்சுக்குழாயை நனைத்திருக்கும் நீரிலேயே குளூட்டோதயோன் என்ற பொருள் காவல் நிற்கிறது. பீடியின் ஒவ்வொரு இழுப்பும் அகப்பட்டதை அரிக்கும் மூலக்கூறுகளைக் கோடிக்கோடியாய் உள்ளே அனுப்புகிறது. புகையை எதிர்க்க வரும் வெள்ளணுக்களும் தம் பங்குக்கு ஹைட்ரஜன் பெராக்சைடை விடும். காவல் தாங்காமல் போகும் இந்த நிலைக்குத்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். அப்போது குறு இழை மெதுவாக அடிக்கிறது. வருடக்கணக்கில் போனால் இழையே குட்டையாகிவிடும். இழைச் செல்கள் குறைந்து, சளி சுரக்கும் செல்கள் பெருகும். சளியும் கெட்டிப்படும். தள்ளுகிற ஆள் குறைய, சுமை கூடுகிறது.

புகை நின்றால் இழைகள் மெல்ல வேலைக்குத் திரும்பும். தேங்கிக் கிடந்தது மேலே வரும். பீடி, சிகரெட்டை விட்டவர்களில் பலருக்குச் சில வாரம் இருமல் கூடுவது இதனால்தான். மறுபடி பற்ற வைத்தால் இருமல் அடங்கினாலும் அடங்கும், வேலைக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்ட அமைதி அது.

ஆனால் இந்த விளக்கத்தை நம்பி உட்கார்ந்துவிடாதே என்றும் அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். சளியில் ரத்தம், மூச்சிரைப்பு, எடை குறைவது என்று இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு. ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரை என்று விளம்பரம் அனுப்பும் மாப்பிள்ளை கொஞ்சம் கேளுங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட் சாப்பிடுங்கள், மாத்திரை வேண்டாம்.

விறகுப் புகையும் மூச்சுக்குழாயை இப்படித்தான் வாட்டும். சின்னம்மா, வெந்நீர் அடுப்பைத் தாழ்வாரத்திலிருந்து கொல்லைக்கு மாற்றத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருவார். பழைய அடுப்பே போதும் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.