தேதி மறந்த கணினி

என் மேசைக் கணினி 2010-ல் வாங்கியது. ஓய்வுபெற்ற பணம் கைக்கு வந்ததும் எனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அதுதான். விண்டோஸ் 7-ஓடு வந்தது. 2016-ல் 10-க்கு மாற்றினேன். முனகிக்கொண்டே ஓடியது, என் முழங்காலைப் போல.

2023 ஐப்பசி மழையில் அதற்குச் சங்கடம் தொடங்கியது. அப்டேட் வரவில்லை. பொத்தானை அழுத்தினால் சிறிது நேரம் சுற்றிவிட்டு, ஒரு நீண்ட எண்ணைக் காட்டி நின்றுவிடும். வங்கியின் பக்கத்தைத் திறந்தால், ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பில் எச்சரிக்கை. வைரஸ் புகுந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அணைத்துப் போட்டேன், ரௌட்டரை மாற்றி மாற்றிச் சொருகினேன், நான்கு நாள் போனது.

பழுது பார்க்கும் தம்பியை வரச் சொன்னேன். நல்ல பையன். பத்து நிமிடம் பார்த்தார்.

“ரொம்பப் பழசு சார். ஃபார்மேட் பண்ணி புதுசா போட்டுடலாம். உள்ளே இருக்கிறது போயிடும், பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே இருந்தது என்னவென்றால், என் மனைவி சொல்லச் சொல்ல நான் தட்டிவைத்த சமையல் குறிப்புகள். சுறாப்புட்டு, வாழைப்பூ வடை, மாங்காய்த் தொக்கு என்று அறுபத்துநான்கு. பிரான்சில் இருக்கும் மகளுக்காக 2012-ல் ஆரம்பித்தது. ‘உப்பு திட்டமா’ என்று அவள் சொன்னதை அப்படியே தட்டியிருப்பேன். 2019-ல் அவள் போய்விட்டாள். அந்தக் கோப்புகளுக்கு வேறு பிரதி கிடையாது. அரசாங்க ஆபீசில் முப்பத்தைந்து வருடம் எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி எடுத்தவன் நான்!

“நாளைக்கு வாங்க தம்பி” என்று அனுப்பிவிட்டு, அன்றிரவே பென்டிரைவில் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அன்று காலையில் நான் எழுதிய குறிப்பு மேலே இல்லை. அவளுடைய முதல் குறிப்புக்கும் கீழே, கடைசியில் கிடந்தது. அதன் தேதி: 1 ஜனவரி 2010. திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அங்கும் அதே தேதிதான். கணினியின் கணக்கில் அவள் இன்னும் உயிரோடு இருந்தாள்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். வாத்தியார் வந்ததும் கரும்பலகையில் முதலில் எழுதுவது தேதி. ‘மேர்க்ரதி’ என்று கிழமையில் ஆரம்பித்து, மாதம், வருடம். பிறகுதான் பாடம். நோட்டில் தேதி போடாதவன் கணக்குச் சரியாக இருந்தாலும் திருத்தமாட்டார். ஆபீசிலும் அப்படித்தான், தேதி முத்திரை விழாத கடிதம் கடிதமே இல்லை. அப்படி வளர்ந்தவன் நான்கு நாளாக அந்த மூலையைப் பார்க்கவில்லை. வங்கிப் பக்கத்தின் எச்சரிக்கையிலேயே கடிகாரத்தைப் பற்றி ஒரு வரி இருந்ததாம். படிக்காதது என் பிழை.

மறுநாள் தம்பியிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். மதர்போர்டில் எட்டணா அளவில் ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது. சி.ஆர். 2032 என்று கேட்டால் கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும், 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். சில வருடங்களில் அது தீர்ந்துவிடும். சுவரில் சுவிட்சை அணைக்காத வீடுகளில் இது வெளியே தெரியாது. எங்கள் வீட்டில் இரவானால் அணைத்துவிடுவது அவள் வைத்த பழக்கம். அதனால் தினமும் காலையில் கணினி 2010-ல் கண் விழித்தது.

அதற்கும் அப்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்? இணையத்தில் இரண்டு கணினிகள் பேசத் தொடங்கும்போது ஒன்று மற்றொன்றின் சான்றிதழைப் பார்க்கும். சான்றிதழில் ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை’ என்று இருக்கும். 2010-ல் நிற்கும் கணினிக்கு 2023-ன் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. நம்ப மறுத்துவிடும். அதனால் அப்டேட்டும் இல்லை, வங்கியும் இல்லை.

நாற்பது ரூபாய் பேட்டரி. கேபிளைப் பிடுங்கி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, முதலில் இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள மின்னேற்றத்தை இறக்கிவிட்டு, கூட்டல் குறி மேலே இருக்கும்படி மாற்றினார். பேட்டரி எடுக்கும் முன் பயாஸ் திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். அமைப்புகள் மாறிப்போனால் விண்டோஸ் திறக்காமல் போகலாமாம். தேதியைச் சரிசெய்ததும் அப்டேட் இறங்க ஆரம்பித்தது. பாதி வழியில் மறுபடியும் தடுமாறியது. அது இடப் பற்றாக்குறை. தேவையில்லாத தற்காலிகக் கோப்புகளை நீக்கியதும் நடு இரவில் முடிந்தது. இடையில் அணைக்காமல் காவல் இருந்தேன்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றது. என் கணினியின் செயலியும் பழசு, 11 கேட்கும் டி.பி.எம். 2.0 வசதியும் அதில் இல்லை. ஆகவே வங்கி வேலையெல்லாம் இப்போது வேறு கருவியில். இதை இணையத்திலிருந்து கழற்றி எழுதுவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையும் அதில் தட்டியதுதான்.

குறிப்புகளுக்கு இப்போது மூன்று பிரதி உண்டு, ஒன்று மகளிடம். போன ஞாயிறு சுறாப்புட்டு செய்தாளாம். “‘உப்பு திட்டமா’ன்னா எவ்வளவுப்பா?” என்று கேட்டாள்.

நண்பர்களே, உங்கள் பழைய கணினி முரண்டு பிடித்தால், யாரையும் கூப்பிடுவதற்கு முன் பிரதி எடுத்துவிடுங்கள். அடுத்து, தேதியைப் பாருங்கள்.