பதினொரு நிமிடம் பிந்தி வந்த மணி

போன தை மாதம் ஒரு விடியற்காலை. நான் இரவு வேலையில் நின்றேன். இடைவேளைக்கு வந்து, மேசையில் வைத்திருந்த போனைக் கையில் எடுத்த அதே கணத்தில் அது மணியடித்தது. எங்கள் வீட்டு முன்வாசல் கமராவின் அறிவித்தல். திறந்து பார்த்தேன். அம்மா! காலில் வீட்டுச் செருப்பு, உடம்பில் ஒரு சுவெற்றர், கையில் சின்னக் கூடை. பனிக்குள் இறங்கி நடந்துகொண்டிருந்தார்.

படத்தின் மூலையில் இருந்த நேரம் 5.02. போனில் நேரம் 5.13.

அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. இரண்டு வருடங்களாக ஞாபக மறதி. வீட்டுக்கு போன் அடித்தேன். மனைவி நித்திரையில் இருந்து எழும்பி ஓடிப் பார்த்தபோது கதவு திறந்தபடி கிடந்தது. அம்மா இல்லை. அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்மணி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். அவர் கயானா நாட்டவர். வேலைக்குப் போவதற்காகக் காரில் இருந்த ஸ்நோவைத் தட்டிக்கொண்டு நின்றவர், அம்மாவைக் கண்டு தன் வீட்டுக்குள் கூட்டிப்போய், கம்பளியால் போர்த்தி, தேத்தண்ணீரும் கொடுத்திருக்கிறார்.

"விடியுது பிள்ளை, சிவன் கோயிலுக்குப் பூ ஆயப் போனனான்" என்று அம்மா என் மனைவியிடம் சொன்னாராம். வண்ணார்பண்ணையில் இருந்த காலத்தில் அவர் நாள்தோறும் செய்த வேலை அது. நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் நின்ற வளவை ஸ்காபரோப் பனிக்குள் தேடியிருக்கிறார்.

அன்று காற்றின் குளிரையும் சேர்த்துப் பூச்சியத்துக்குக் கீழே 28 பாகை. அந்தக் குளிரில் மூடாத தோல் பத்து நிமிடம் முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்று கனடா வானிலை அலுவலகம் சொல்கிறது. எனக்குச் செய்தி வந்ததோ பதினொரு நிமிடம் பிந்தி.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அண்மையில்தான் இந்த நகரத்துக்கு வந்து குடியேறியிருப்பீர்கள். வாடகை வீடோ சொந்த வீடோ, வாசலில் ஒரு கமரா பூட்டச் சொல்லி உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2024 சித்திரையில் மொன்றியல் துறைமுகத்தில் 598 களவுபோன வாகனங்களை மீட்டதாகப் பொலிஸார் அறிவித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒன்ராறியோவில் களவு போனவை. அலாரம் அடித்தது என்பதற்காக மட்டும் ரொறன்ரோப் பொலிஸ் வீட்டுக்கு வருவதும் 2018 இல் நின்றுவிட்டது. ஆளைக் கண்டதற்கோ, சத்தத்தைக் கேட்டதற்கோ ஏதாவது உறுதி வேண்டும். ஆகவே கமரா உதவும். ஆனால் அது சொல்ல வேண்டியதை நேரத்துக்குச் சொல்ல வேண்டும்.

நான் கமராக் கம்பனியைத் திட்டிக்கொண்டு, அதைக் கழற்றி எறியும் முடிவில் இருந்தேன். அக்காவின் மகன் கம்பியூட்டர் வேலை செய்பவன். "மாமா, கமராவைக் குற்றம் சொல்ல முதல் நேரத்தை அளந்து பாப்பம்" என்றான். ஒரு சனிக்கிழமை அவன் வாசலால் போவதும் வருவதுமாக இருந்தான். நான் கொப்பியில் நேரத்தைக் குறித்தேன். போன் என் கையில் இருந்தபோது அரை நிமிடத்தில் செய்தி வந்தது. அதே போனை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மேசையில் அசையாமல் வைத்துவிட்டுப் பார்த்தோம். எட்டு நிமிடம் காத்திருந்தும் சத்தமே இல்லை. நான் பொறுக்கமாட்டாமல் போனைத் தூக்கினேன். உடனே மணியடித்தது!

"பிந்தினது கமரா இல்லை மாமா, உங்கட போன்" என்றான்.

அவன் விளங்கப்படுத்தியதை இங்கே எழுதுகிறேன். கமரா எங்களோடு நேரே பேசுவதில்லை. அதன் செய்தி முதலில் வீட்டு வைஃபை றவுற்றருக்குப் போகிறது. அங்கிருந்து கம்பனியின் கம்பியூட்டருக்கு, பிறகு கூகுள் அல்லது அப்பிள் நிறுவனத்தின் செய்தி அனுப்பும் சேவைக்கு, கடைசியாகத்தான் எங்கள் போனுக்கு. இந்த வழியில் எந்த இடத்திலும் அது தங்கிவிடலாம். நாங்கள் கண்ட இடங்கள் மூன்று.

முதலாவது போன். 2015 இல் வந்த அன்ட்றொயிட் 6 தொடக்கம், சார்ஜில் போடாமல் அசையாமல் கிடக்கும் போன் மெல்ல நித்திரைக்குப் போய்விடும். அவசரம் என்று குறிக்கப்பட்ட செய்திகளை மட்டும் உடனே விடும். மற்றவற்றைச் சேர்த்து வைத்து இடைக்கிடைதான் விடும். போதாததற்கு, இரவு முழுக்கச் சார்ஜ் நிற்கட்டும் என்று பற்றரி சேமிப்பையும் நானே போட்டு வைத்திருந்தேன். இப்போது அதை நிறுத்தி, கமராவின் செயலிக்கு மட்டும் பற்றரிப் பகுதியில் 'அன்றெஸ்றிக்ரெட்', அதாவது கட்டுப்பாடு இல்லை, என்று மாற்றியிருக்கிறோம். ஐபோன் வைத்திருப்பவர்கள் 'டூ நொட் டிஸ்ரேப்', 'ஃபோகஸ்' என்பவை இரவில் தாமாகவே தொடங்குகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் கமராச் செயலிக்கு அதில் விலக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது வைஃபை. எங்கள் றவுற்றர் பேஸ்மன்ற்றில் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் இருந்தது. கமராவோ மேலே, செங்கல் சுவருக்கும் இரும்புக் கதவுக்கும் வெளியே. றவுற்றரை முன் அறைக்குக் கொண்டுவந்தோம். அரை நிமிடம் ஐந்தாறு வினாடியாகக் குறைந்தது. இன்னொன்றும் உண்டு. வைஃபையில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 5 வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது கூடுதலாக வலுவிழக்கும். வாசல் கமராவுக்கு 2.4 தான் பெரும்பாலும் பொருத்தம்.

மூன்றாவது கமரா. பற்றரியில் ஓடும் கமரா முழு நேரமும் விழித்திருப்பதில்லை. உடற்சூட்டின் அசைவை உணர்ந்த பிறகுதான் எழும்பும். குறுக்கே நடப்பவரை அது விரைவாகப் பிடிக்கும், நேரே வருபவரைப் பிடிக்கச் சுணங்கும். ஆகவே நடைபாதையை நேரே பார்க்காமல், சற்றுப் பக்கவாட்டில் பார்க்கும்படி பூட்டுவது நல்லது. ஒரு முறை படம் பிடித்தபின் சிறிது நேரம் ஓய்வெடுக்கும் ஒழுங்கும் சிலவற்றில் உண்டு. அந்த இடைவெளியை செயலியில் குறைக்கலாம். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும். உறைநிலைக்குக் கீழே லிதியம் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் சரிவராது. சூரியத் தகடு இருக்கிறதே என்று வின்ரரில் நம்பியிருக்கக்கூடாது. வயர் இழுக்க வசதி இருந்தால் வயர்க் கமராவே மேல்.

வயர் என்றதும் ஒரு பழைய ஞாபகம். 1991 இல் நான் வந்து இறங்கிய அப்பார்ட்மென்ற் கட்டடத்தில், கீழ்வாசல் கமராவை ரீவியில் ஒரு சனலில் பார்க்கலாம். யாராவது பஸர் அடித்தால் ஆறு பேரும் ரீவிக்கு முன்னால் ஓடுவோம். மங்கிய கறுப்பு வெள்ளைப் படம். ஆனால் கீழே ஆள் கை தூக்கும்போதே மேலேயும் கை தூக்கும்.

அதைவிடப் பழைய ஞாபகம் ஒன்று என்னை இன்னும் வருத்துகிறது. 1986, 1987 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்து ஷெல் அடிப்பார்கள். புறப்படும் சத்தம் கேட்டு, அது வந்து விழுவதற்குள் சில வினாடிகள்தான். அந்த வினாடிகளுக்குள் அம்மா எங்கள் எல்லோரையும் இழுத்துப் பங்கருக்குள் தள்ளிவிடுவார். ஒரு நாளும் பிந்தியதில்லை. அந்த அம்மா வெளியே போனதை அறிய எனக்குப் பதினொரு நிமிடம் எடுத்தது.

எல்லாம் திருத்திய பிறகு மருமகன் இன்னொரு கேள்வி கேட்டான். "மாமா, நீங்கள் வேலையில நிக்கேக்க அஞ்சு வினாடியில செய்தி வந்தாலும் என்ன செய்வியள்?" என்னிடம் பதில் இல்லை. வெளியே பார்க்கும் கமரா வருகிறவனுக்கு. போகிறவருக்கு அது காவல் இல்லை. உடனே ஓடக்கூடியவர் வீட்டில் நித்திரை கொள்பவர்தான். அன்றே கதவிலும் நிலையிலும் ஒட்டும் ஒரு சின்னக் காந்த மணி வாங்கினோம். கதவு திறந்ததும் வீட்டுக்குள்ளேயே அலறும். அதற்கு வைஃபையும் வேண்டாம், போனும் வேண்டாம். பெயரும் ரெலிபோன் இலக்கமும் பொறித்த கைச்சங்கிலி ஒன்றும் அம்மாவின் கையில் போட்டோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு முதியவர் இருந்தால் ஒன்றை மறக்கவேண்டாம். அவர் காணாமல் போனால் 24 மணித்தியாலம் பொறுத்த பின்புதான் பொலிஸுக்குச் சொல்லலாம் என்பது பிழையான கதை. உடனே 911 க்கு அடியுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் 'ரமில்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

வருகிற சனிக்கிழமை அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒருவர் வாசலில் நடக்க, மற்றவர் கொப்பியில் நேரத்தைக் குறியுங்கள். போனைக் கையில் வைத்து ஒரு முறை, நீங்கள் நித்திரைக்குப் போகும்போது வைக்கும் இடத்தில் வைத்து ஒரு முறை. அப்படியே பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு வணக்கம் சொல்லி, உங்கள் ரெலிபோன் இலக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் அந்தக் கயானாப் பெண்மணிக்குப் பக்கத்தில் நான்கு வருடம் இருந்தும், அன்றுவரை அவருடைய பெயரைக்கூடக் கேட்டதில்லை.