இரவல் கவசம்

எங்கள் ஊர் பாஸ்கா நாடகத்தில் உரோமை வீரர்களாக வருபவர்கள் வெள்ளித்தாள் ஒட்டிய தலைச்சீராவும் மார்புக்கவசமும் அணிந்திருப்பார்கள். மறைக்கல்வி வகுப்பில் எபேசியர் திருமுகம் ஆறாம் அதிகாரத்தை நடத்திய சிஸ்டர், அதில் வரும் கவசத்தை வரைந்துவரச் சொன்னபோது அந்த வீரர்களையே வரைந்தேன். உண்மை இடைக்கச்சை, நீதி மார்புக்கவசம், நம்பிக்கை கேடயம், மீட்பு தலைச்சீரா, இறைவார்த்தை வாள் என்று பெயர்களும் எழுதினேன். மிதியடியை மறந்துவிட்டேன்.

"படம் அழகு. இது யாருடைய கவசம்?" என்றார் சிஸ்டர்.

"போர்வீரனுடையது, சிஸ்டர்."

எசாயா 59-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். அங்கே நீதியை மார்புக்கவசமாகவும் மீட்பைத் தலைச்சீராவாகவும் அணிபவர் கடவுளே! சாலமோனின் ஞானம் 5-ஆம் அதிகாரத்திலும் அவரே கவசம் பூணுகிறார். பவுலடியார் (என் பாட்டிக்கு இன்றும் அவர் அர்ச். சின்னப்பர்தான்) கடவுளின் உடையைத்தான் நமக்கு எடுத்துத் தருகிறார். அதுவும், தாம் விலங்கிடப்பட்டிருந்த நிலையில். அதை அணிந்து பாய்ந்து தாக்குங்கள் என்று அவர் சொல்லவில்லை. நிலைத்து நில்லுங்கள் என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

பிறருடைய உடை என்றதும் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. தலை குனிந்துகொண்டேன்.

அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குச் செல்ல வேண்டும். தலையில் துண்டு, சேலைக்கு மேல், மறைந்த என் அப்பாவின் முழுக்கைச் சட்டை. சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, தோழியருடன் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஜீப்பிலிருந்து அம்மா இறங்கினார்.

"யாருடி அது, ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"தெரியலடி" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். கூப்பிடாமல் எதிர்ப்பக்கமாக நடந்து போய்விட்டார். வீட்டிலும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஒரு சிறு கேள்விக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லையே!

மறைக்கல்வி வகுப்பு நடந்த அன்றிரவு, "வேற சட்டை வாங்கக் கூடாதாம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"எதுக்கு? உங்கப்பா சட்டையைப் போட்டுக்கிட்டா காட்டுக்குள்ள தெம்பா இருக்கு, தாயி."

அன்று பஸ் நிலையத்தில் நடந்ததைச் சொல்லி அழுதேன். "சாப்பிட்டுட்டுப் படு" என்றார் அம்மா.

மறுநாள் இருட்டோடு எழுந்து, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஜீப் நிற்குமிடம் வரை அம்மாவுடன் போனேன். வலக்கைப் பொத்தானை அம்மாவால் தனியாகப் போட முடிவதில்லை. எல்லோரும் பார்த்திருக்க, நான் போட்டுவிட்டேன்.