சிவப்புக் கோடு

சார்ஜர் வயரைத் தேடிக் காசு மேசையின் கீழ் லாச்சியை இழுத்தபோது, பூச்சி உருண்டையும் காய்ந்த பசையும் கடற்காற்றில் ஊறிய காகிதமும் கலந்த மணம் ஒன்று எழுந்து வந்தது, நெடுநாள் திறக்காமல் இறுகிக் கிடந்த லாச்சி, உள்ளே பழைய பில் புத்தகங்கள், துருப்பிடித்த குண்டூசிகள், மை காய்ந்துபோன ஒரு முத்திரைப் பெட்டி. இரவு ஒன்பது மணி கடந்திருந்தது, காலி வீதியில் பஸ்களின் இரைச்சல் குறைந்திருந்தது, ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டு மருமகன் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தான், எல்இடி வெளிச்சத்தில் அலுமாரியில் அடுக்கியிருந்த பட்டுச் சேலைகள்கூட ஒரு படி வெளிறித் தெரிந்தன. வெள்ளவத்தையில் இப்போது எல்லாக் கடைகளிலும் இதே வெளிச்சம்தான், அந்தக் காலத்தில் சேலையின் நிறம் பார்க்க வேண்டுமென்றால் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டுவார்கள்.

அவன் என்னைக் கூப்பிட்டது சேலை பார்க்க அல்ல. அன்று பின்னேரம் ஒழுங்கையிலிருந்து ஒரு அம்மா வந்து, கைபேசியை மேசையில் வைத்து, தனக்கு வந்த மின்னஞ்சலைக் காட்டினாராம், கல்யாண நாள் வாழ்த்து, பத்து வீதக் கழிவு, இரண்டு மயில்களின் படம், மேலே அன்புள்ள என்று தொடங்கிக் கணவரின் தகப்பன் பெயர். வாடிக்கையாளர் அட்டை கணவரின் பெயரில் இருந்தது, கணவர் போன வருசம் காலமாகிவிட்டார், நம் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னாலும் தன் பெயர் பின்னாலும் எழுதியிருந்ததால் முதலில் இருப்பதே கூப்பிடும் பெயர் என்று இயந்திரம் எடுத்துக்கொண்டது, ஆக ஒரே வரியில் இறந்துபோன இரண்டு பேருக்கு வாழ்த்துப் போயிருக்கிறது. தைப்பொங்கலுக்கு ஒன்று, சித்திரை வருசப் பிறப்புக்கு ஒன்று, இது மூன்றாவது. அந்த அம்மா சத்தம் போடவில்லை, "முதலே ரெண்டு தரம் சொல்லிட்டன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். "ரெண்டு தரமும் நான் அவையின்ரை பேரை அழிச்சனான் மாமா, திரும்பத் திரும்ப வருது" என்றான் மருமகன், அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அழிச்சனான் என்ற அந்தச் சொல்லும் லாச்சியின் மணமும் ஒன்றாக வந்ததாலோ என்னவோ, என் மனம் கணினித் திரையை விட்டுவிட்டுச் செட்டியார் தெருவுக்குப் போனது, பெரியப்பா கணக்கப்பிள்ளையாக இருந்த நகைக் கடைக்கு. கொட்டாஞ்சேனையில் அவர் வீடு, விடிய எழும்பிப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போவார், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த கோயில், வெளியே வெயில் ஏறினாலும் உள்ளே எண்ணெய்க் கறுப்பும் குளிர்ச்சியும் விலகாது, அந்தக் கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் இருக்கும்போதே கடைக்கு வந்துவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. வந்ததும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சரிவு மேசையின் முன் இருப்பார், பிள்ளையார் சுழி போட்ட சிவப்புத் துணி மட்டைப் பேரேட்டை விரிப்பார், நடுவில் ஒரு பூச்சி உருண்டையைக் கடதாசியில் சுற்றி வைத்திருப்பார், விரித்தவுடன் வருகிற மணம்தான் இன்றைக்கு லாச்சியிலிருந்து வந்த மணம்.

அந்தப் பேரேட்டில் கடன் கணக்குக்குப் பின்னால், கடைசி முப்பது நாற்பது பக்கங்களில், வாடிக்கைக்காரர் பெயர்கள் இருந்தன. மார்கழி மாதத்தில் அவர்கள் எல்லோருக்கும் நாட்காட்டி போகும், கல்யாணம் வைத்திருக்கிற வீடுகளுக்குக் கடையிலிருந்து ஒரு தபாலட்டையும் போகும், பெரியப்பா நாக்கு நுனியில் விரலை நனைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு பெயரிலும் ஒரு கணம் நிற்பார், அந்த ஒரு கணத்தில் அந்த வீட்டில் நடந்தது நடக்காதது எல்லாம் அவர் முகத்தில் வந்து போகும். யாராவது காலமாகிவிட்டால் அல்லது இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அடிமட்டம் வைத்து ஒரு சிவப்புக் கோடு, பெயர் கீழே தெளிவாகத் தெரிகிற மாதிரி, ஓரத்தில் திகதி. அவர் பெயரைச் சுரண்டி அழித்ததையோ தாளைக் கிழித்ததையோ நான் பார்த்ததில்லை.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை, இனக் கலவரத்தில் அந்தப் பேரேடு கடையோடு எரிந்தது. எங்கள் வீடு அப்போது வெள்ளவத்தையில், எனக்கு எட்டு வயது, ஒழுங்கை முனையில் நின்ற ஆட்களின் கையில் கடதாசிகள் இருந்ததை அம்மா ஜன்னல் இடுக்கால் பார்த்தார், எந்த வீடு யாருடையது என்று தெரிந்து வந்தார்கள், நடுவிலிருந்த சிங்கள வீடுகளை விட்டுவிட்டுத் தமிழ் வீடுகளை மட்டும் எரித்தார்கள், கொழும்பில் பல இடங்களில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள் என்று பிறகு எழுதப்பட்ட பல வரலாறுகளில் இருக்கிறது. பெயரும் இலக்கமும் வீதியும் ஒரே வரியில் இருந்தால் அது என்னவாக மாறலாம் என்பதை நாங்கள் அன்று தெரிந்துகொண்டோம். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் சில நாட்கள், பிறகு கப்பலில் காங்கேசன்துறை, திரும்பி வந்தபோது வெள்ளவத்தை தன் பாட்டில் இருந்தது, கருகிய சுவர்களுக்கு மேல் வெள்ளை பூசியிருந்தார்கள்.

அடுத்த வருசம் கடை திரும்பத் திறந்தபோது பெரியப்பா புதுப் பேரேடு ஒன்று வாங்கினார், முழுப் பட்டியலையும் நினைவிலிருந்து எழுதினார், பள்ளிக்கூட விடுமுறையில் நான் பக்கத்தில் இருந்து மை ஒற்றிக் கொடுத்தேன். இரண்டு விடயங்கள் எனக்கு விளங்கவில்லை. ஒன்று, இந்தத் தடவை அவர் முகவரி எழுதவில்லை, கிணற்றடி வீடு, பெரிய வாத்தியார், தையல் மெஷின் அம்மா என்று தனக்கு மட்டும் விளங்குகிற அடையாளங்களாக எழுதினார், முகவரிகளைத் தலைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டாவது, கோடு போடப்பட்டிருந்த பெயர்களையும் அவர் விடவில்லை, முதலில் பெயரை முழுதாக எழுதினார், மை காயும் வரை பொறுத்தார், பிறகு அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோட்டைப் போட்டார். இல்லாத ஆளை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "எழுதாமல் விட்டா, நாளைக்கு என்ரை இடத்துக்கு வாறவன் புதிசெண்டு நினைச்சு எழுதிப்போடுவான், கோடு இருந்தாத்தானே தெரியும்" என்றார், தலை நிமிராமல்.

பெரியப்பாவின் அந்தச் சொல்லை நான் அதற்குப் பிறகு கண்டது ஒரு கொம்யூனிகேஷனில். 1995இல் நான் வெள்ளவத்தையில், வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுக்கும் அப்படியொரு கடையில் வேலைக்கு நின்றேன், கண்ணாடிப் பெட்டி மாதிரி மூன்று கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டூல், வியர்வையும் விபூதியும் குட்டிக்குரா பவுடரும் கலந்த மணம், வெளியே வாங்கில் வரிசையாக யாழ்ப்பாணத்துத் தாய்மார். நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர், எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள், அந்தத் தாய்மாரில் யாரும் நம்பர் கொண்டுவருவதில்லை, "மாஸ்டர், மூத்தவனுக்கு எடுங்கோ" என்பார்கள், மாஸ்டர் தன் கொப்பியைத் திறப்பார். லண்டனில் வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் எல்லாம் 1990இல் 01இலிருந்து 081 ஆகியிருந்தன, 1995 ஏப்ரலில் 0181 ஆகின, 2000 ஏப்ரலில் மறுபடி 020 என்று மாறி எட்டு நம்பரின் முன்னுக்குப் போனது, ரொறன்ரோவைச் சுற்றியிருந்த ஊர்கள் 1993இலேயே 416ஐ விட்டு 905க்குப் போயிருந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாஸ்டர் பென்சிலைச் சீவிக்கொண்டு இருந்து கொப்பி முழுவதையும் திருத்துவார், சித்திரை வெக்கையில் பென்சில் சீவிய மணம் கூண்டுகள் வரை போகும். 1995 ஒக்ரோபர் 30இல் போரால் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது மட்டும் அவர் பென்சிலை எடுக்கவில்லை, யாழ்ப்பாணத்து முகவரிகள் இருந்த பக்கங்களுக்கு நடுவில் ஒரு வெற்றுத் தாளை வைத்து மூடினார், அவர்கள் எங்கே என்று தெரிந்த பிறகு எழுதலாம் என்றார்.

கொப்பியில் ஒரு அம்மாவின் பெயருக்கு எதிரே மூன்று பிள்ளைகளின் நம்பர்கள், நடுவிலுள்ளவருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்த மகனோடு கதையில்லை, எடுக்க வேண்டாம் என்று அந்த அம்மா முன்னொரு நாள் சொல்லியிருந்தார், ஏன் என்று மாஸ்டர் கேட்கவில்லை. நம்பர் மாறிய 1995 ஏப்ரலில் புள்ளி வைத்த நம்பரையும் அவர் மற்றவற்றோடு சேர்த்தே திருத்தினார், எடுக்காத நம்பரைத் திருத்துவானேன் என்று நான் நினைத்தேன், வாய்விட்டுக் கேட்கவில்லை. இரண்டு வருசம் கழித்து ஒரு மழை நாளில் அந்த அம்மா வந்து, குடையை மடக்கி மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, "நடுவிலானுக்கு ஒருக்கா எடுங்கோ" என்றார், மாஸ்டர் புள்ளியை ரப்பரால் தேய்க்காமல் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், முதல் தரமே லைன் கிடைத்தது.

மருமகன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான், பிளேன்ரீ, இஞ்சி தட்டிப் போட்டது, நான் திரைக்குத் திரும்பினேன். அவனிடம் மூன்று பட்டியல்கள் இருந்தன, காசு மேசையில் பில் போடும் செயலியில் ஒன்று, வெளிநாட்டு ஓடர்கள் வரும் இணையக் கடையில் ஒன்று, மின்னஞ்சல் அனுப்பும் சேவையில் ஒன்று. மூன்றையும் ஒத்திசைக்கும் மென்பொருள் ஒவ்வொரு இரவும் அவற்றை ஒப்பிடுகிறது, பில் பட்டியலில் இருந்து மின்னஞ்சல் பட்டியலில் இல்லாத ஆளைப் புது வாடிக்கையாளர் என்று எடுத்துச் சேர்க்கிறது. அவன் அந்த அம்மாவின் வீட்டுப் பெயரை மின்னஞ்சல் பட்டியலிலிருந்து மட்டும் அழித்தான், அழித்ததோடு அனுப்ப வேண்டாம் என்ற குறிப்பும் சேர்ந்து அழிந்தது, அன்றிரவே மென்பொருள் வெற்றிடத்தைப் பார்த்து நிரப்பிவிட்டது. பெரியப்பா சொன்ன, அவர் இடத்துக்கு வருகிறவன் இதுதான், கோடு இல்லாத இடத்தில் புதிது என்று நினைத்து எழுதிவிட்டான்.

வேறு பிழைகளும் இருந்தன, மின்னஞ்சல் முகவரி ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று மென்பொருள் கருதியதால், கனடாவிலுள்ள ஒரே மகனின் முகவரியைக் கொடுத்த மாமியாரும் மருமகளும் ஒரு ஆளாகியிருந்தார்கள், சிவா என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு தரம் எஸ் என்றும் இன்னொரு தரம் எஸ் எச் என்றும் எழுதியதால் ஒரே ஆள் இரண்டாகியிருந்தார். அவற்றைத் திருத்த ஒவ்வொருவருக்கும் கடையே ஒரு இலக்கம் கொடுத்து, அந்த இலக்கத்தை வைத்து மூன்று பட்டியல்களையும் பொருத்தினோம், கூப்பிடும் பெயருக்குத் தனி நிரல் வைத்தோம். பிறகு எழுத வேண்டாம் என்று ஒரு நிரல், அது எந்தப் பட்டியலில் விழுந்தாலும் மற்ற இரண்டுக்கும் போக வேண்டும், மற்ற விபரங்களில் கடைசியாக மாறியதே செல்லும், இந்த நிரலில் மட்டும் வேண்டாம் என்பதே எப்போதும் செல்லும், ஆள் வந்து சொன்னாலொழிய எந்த இயந்திரமும் அதை எடுக்க முடியாது.

அப்படியென்றால் முழுதாக அழிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு என்ன செய்வது என்று மருமகன் கேட்டான், தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022இல் வந்த 9ஆம் இலக்கச் சட்டம் திருத்தச் சொல்லவும் அழிக்கச் சொல்லவும் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் ஆட்களுக்குள்ள உரிமையை எழுதி வைத்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, நல்ல கேள்வி. முகவரியைத் திரும்பப் படிக்க முடியாத ஒரு குறியாக மாற்றி, அந்தக் குறியை மட்டும் வைத்திருக்கலாம், புதிதாக ஒரு முகவரி வரும்போது அதையும் அதே மாதிரி மாற்றிப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும், அனுப்பக்கூடாது என்று தெரியும், யாராவது பட்டியலைத் திருடினாலும் ஆளைத் தேடிப் போவது லேசில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கிணற்றடி வீடும் தையல் மெஷின் அம்மாவும் எனக்கு முழுதாக விளங்கின, நாற்பது வருசத்துக்கு முன் மை ஒற்றிக் கொடுத்தபோது விளங்காதது.

பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்தது. ஆயிரக்கணக்கான பெயர்கள் சில வினாடிகளில் திரையில் ஓடி முடிந்தன, எந்தப் பெயரிலும் ஒரு கணம் நிற்க யாருமில்லை, அது எனக்குக் குறையாகத்தான் பட்டது, ஆனாலும் கோடு தன் இடத்தில் இருந்தது. வெளியே வந்தபோது ஒழுங்கை முனையில் கடல் தெரியவில்லை, மாடிக் கட்டடங்களின் தூண்கள்தான் தெரிந்தன, கடைசி ரயில்களில் ஒன்று போகிற சத்தம் மட்டும் வந்தது.

ஒரு மாதம் கழித்து நான் கடையில் இருந்தபோது அந்த அம்மா வந்தார், சாம்பல் நிறத்தில் ஒரு பருத்திச் சேலை எடுத்தார், வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காசு மேசையில் புதிதாகச் சேர்ந்த பெடியன் வழக்கப்படி, "பேரும் நம்பரும் ஒருக்காச் சொல்லுங்கோ அன்ரி" என்று விசைப்பலகையில் கை வைத்தான். மருமகன் எழும்பி வந்து அவன் கையை மெல்ல விலக்கினான்.

"தேவையில்லை, அவையின்ரை எங்களிட்டை இருக்கு" என்றான்.