ஸ்கீமில் வாழ்பவர்கள்

கிளாஸ்கோ



பென்ஷன் முதல் பயிர் இன்ஷூரன்ஸ் வரையில் சர்க்கார் வகுக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் நம் நாட்டில் தாராளமாக வழங்கிவரும் 'ஸ்கீம்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு, பிரிட்டனிலும் அந்த அர்த்தமே பிரதானம். அட்லாண்டிக்கைத் தாண்டினாலோ அதில் சூதின் வாடை ஏறிவிடுகிறது. பென்ஷன் ஏற்பாட்டைப் 'பிளான்' என்றே குறிப்பிடும் அமெரிக்கர்கள், பின்வந்தவர் பணத்தை முன்வந்தவர்க்கு லாபமென்று கொடுத்து 1920-இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்ஸி நடத்திய மோசடி போன்றவற்றுக்கே 'ஸ்கீம்' என்னும் பெயரைப் பெரும்பாலும் சூட்டுகிறார்கள்.

நான் வசிக்கும் ஸ்காட்லாந்திலோ ஸ்கீம் என்பது ஓர் இடம். "அவர் எந்த ஸ்கீம்?" என்றால், நகரசபை கட்டிய வாடகைக் குடியிருப்புகளுள் எதில் வளர்ந்தவர் என்று பொருள். ஸ்தல ஸ்தாபனங்கள் தத்தம் பகுதிக்கு வேண்டிய வீடுகளைக் கட்ட ஸ்கீம் தயாரிக்கவேண்டுமென்று 1919-ஆம் வருஷத்துச் சட்டம் கடமை விதித்தது. தஸ்தாவேஜில் இருந்த பெயர், வீடுகள் எழுந்தபின் அந்த மண்ணுக்கே நிலைத்துவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, கிளாஸ்கோவின் கோர்பல்ஸ் முதலிய பேட்டைகளில் ஒற்றை அறைக்குள் குடும்பம் முழுவதும் ஒண்டிக்கொண்டு, மாடிப்படித் திருப்பத்துக் கழிப்பறையை அண்டை வீட்டாரோடு பகிர்ந்து வாழ்ந்த ஜனங்கள், நகரத்தின் விளிம்பில் ஈஸ்டர்ஹவுஸ், டிரம்சாப்பல், காசில்மில்க் என்று எழுந்த புதிய ஸ்கீம்களில் குடியேறி, தமக்கென்றே ஒரு ஸ்நான அறையைக் கண்டபோது அடைந்த ஆனந்தம் சாமான்யமானதன்று. ஆயினும் வீட்டை நினைத்த அதிகாரிகள் கடைகளையும் கேளிக்கைக்கான இடங்களையும் வேலைக்குப் போய்வரும் தூரத்தையும் போதிய அளவு நினைக்கவில்லை. பிற்காலத்தில் நகரத்துத் தொழில்களும் க்ஷீணித்தபோது, அந்த எல்லைப்புறங்களில் வறுமை குடிகொண்டது.

அங்கே பிறந்தவரை 'ஸ்கீமி' என்று ஏசும் வழக்கமும் உண்டு. வகுத்தவர்களின் குறையை வசிப்பவர்கள் தலையில் சுமத்தும் இந்தப் பிரயோகத்தைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் கொதிக்கிறது. அந்த ஸ்கீம்களுள் ஒன்றான பொல்லாக்கில் வளர்ந்த டாரன் மக்கார்வி, அவ்வாழ்வின் வறுமையையும் கோபத்தையும் உள்ளிருந்தே எழுதிய நூலுக்கு 2018-இல் ஆர்வெல் பரிசு கிடைத்தது. இவர்களைப் போலவே சென்னையில் கூவக் கரையினின்று நகர விளிம்பிலுள்ள பெரும்பாக்கத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் வாசிக்கும்படி, அதை யாரேனும் நல்ல தமிழில் ஆக்கித் தந்தால் பெரிதும் மகிழ்வேன்.