பூட் ஆகும் பென்டிரைவுக்கு ஒரு பூட்டு

திருவெறும்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். கைலாசபுரம் டவுன்ஷிப்புக்குள் நுழைந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. 1960களில் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு பெல் கொதிகலன் ஆலை இங்கே வந்தது. அதன் ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு இது. மர நிழலில் வரிசையாகக் குவார்ட்டர்ஸ். நான் தேடிப் போனது அப்பாவின் நண்பரை. அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகப் போகிறவர். லீவு நாளில் அவர் வீட்டு வராந்தாவில் பழைய லேப்டாப்கள் அடுக்கியிருக்கும். 2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களும் அதில் உண்டு. ஹார்டு டிஸ்க் போனதையெல்லாம் லினக்ஸ் பென்டிரைவ் போட்டு எழுப்பி, படிக்கிற பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுப்பார்.

எனக்கும் அப்படி ஒரு பென்டிரைவ் செய்து கொடுத்திருந்தார். அதைத்தான் தொலைத்துவிட்டு வந்திருந்தேன். பொருள் கையில்தான் இருக்கிறது. உள்ளே இருந்தது போய்விட்டது. ஒரு ஜெராக்ஸ் கடையில் அவசரத்துக்கு அதையே நீட்டினேன். லினக்ஸ் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது. ‘டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று பெட்டி வந்தது, கடைப் பையன் சரி என்று தட்டிவிட்டான். என் நாலு மாதக் குறிப்புகள் அதில் இருந்தன.

“கடைக்காரன் மேல தப்பு இல்ல தம்பி. மிஷினை எழுப்புற சாமானைப் பிரிண்ட் எடுக்கக் கொண்டுபோகலாமா?” என்றார் மாமா. எனக்குப் பதில் இல்லை.

பிறகு தன் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து, போன வருஷத் தேதி போட்ட ஒரு ஃபைலைக் காட்டினார். எனக்குக் கொடுப்பதற்கு முன்பே பென்டிரைவை முழுசாக இமேஜ் எடுத்து வைத்திருக்கிறார். “ஃபைலை மட்டும் காப்பி, பேஸ்ட் பண்ணி வச்சா போதாதா மாமா?” என்றேன். அவர் அந்த இமேஜின் முதல் 512 பைட்டைத் திரையில் விரித்தார். கடைசி இரண்டு பைட்டில் விரலை வைத்தார்: 55, ஏஏ. பழைய பயாஸ், டிஸ்க்கில் இந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் உள்ளே போகும். எந்த ஃபோல்டரிலும் இது ஃபைலாகத் தெரியாது. காப்பி பேஸ்ட்டில் வரவே வராது. புது யூஇஎஃப்ஐ மிஷின்களில் ஃபேட்32 பகுதியில் ஃபைல்கள் சரியான இடத்தில் இருந்தாலே பெரும்பாலும் பூட் ஆகிவிடும். அவர் வராந்தாவில் இருப்பவையோ பெரும்பாலும் பழசு.

திருப்பி எழுத டெர்மினலில் ‘டிடி’ கட்டளையை அடித்தார். என்டர் தட்டும் முன் நிறுத்தி, டிஸ்க் பட்டியலை எடுத்து அளவை வாசித்துக் காட்டினார். 16 ஜிபி என்று விற்பது அங்கே 14.9 என்று தெரியும். ஓர் எழுத்து மாறினால் பென்டிரைவுக்குப் பதில் லேப்டாப்பின் சொந்த டிஸ்க் அழியும். ‘டிடி’ ஒரு வார்த்தை கேட்காது. இன்னொன்றும் சொன்னார். இரண்டு கம்பெனிகளின் 16 ஜிபி ஒரே அளவாக இருக்காது. ஒன்றின் முழு இமேஜ் கொஞ்சம் சின்னதான மற்றொன்றில் அடங்காமல் போகும். மாற்றுப் பென்டிரைவை அதே அளவிலோ பெரிதாகவோ வாங்க வேண்டும்.

யூஎஸ்பி 2.0 போர்ட். எழுதி முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடிந்ததாகத் திரை சொன்ன பிறகும் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பிடுங்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். விளக்கு அடங்கிய பிறகும் முறையாக எஜெக்ட் கொடுத்துத்தான் எடுத்தார்.

கடைசியில் அவருடைய சொந்தச் சாமானைக் காட்டினார். பென்டிரைவ் இல்லை, கார்டு ரீடரில் செருகிய எஸ்டி கார்டு. ஓரத்தில் நகத்தால் தள்ளுகிற சின்னப் பூட்டு. அதைக் கீழே தள்ளி, ஒரு வெற்று ஃபைலை உள்ளே போட முயன்றார். எழுத முடியாது என்று மறுத்தது. வைரஸும் அப்படித்தான் வெளியே நிற்க வேண்டும். ஆனால் அந்தப் பூட்டு கார்டுக்கே தெரியாது. தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பது ரீடர்தான். சில மலிவு ரீடர்கள் அதைப் பொருட்படுத்தாமல் எழுதிவிடும். அதனால் வாங்கியதும் இப்படிச் சோதித்துப் பார்க்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடுதான். எழுதும் வசதி உள்ள பென்டிரைவை எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் ஒரு நாள் அது தவறான கைக்குப் போகிறது.

இமேஜ் எடுத்தால் மட்டும் அவருக்குத் திருப்தி வராது. ஷா-256 கணக்கில் வரும் 64 எழுத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இமேஜில் ஒரு பிட் மாறினாலும் அந்த எழுத்துகள் அடியோடு மாறிவிடும். ஃபிளாஷ் சில்லில் இருக்கிற மின்னேற்றம் வருஷக்கணக்கில் மெல்லக் கசியும் என்பதால் இமேஜை இன்னொரு பென்டிரைவில் வைப்பதில்லை, ஹார்டு டிஸ்க்கில்தான்.

என் பென்டிரைவைப் பழைய லேப்டாப்பில் செருகி எஃப்12 தட்டினோம். மெனு வந்தது, டெஸ்க்டாப் வந்தது. நாலு மாதக் குறிப்புகள் வரவில்லை. அந்த இமேஜ் எடுத்த பிறகு எழுதியவை அவை.

உங்களிடம் பூட் ஆகும் பென்டிரைவ் இருந்தால் இன்றைக்கே முழு இமேஜ் எடுத்துவிடுங்கள். அதை வேறொரு பென்டிரைவில் எழுதி, ஒரு தடவை பூட் ஆகிறதா என்று பாருங்கள். ஜெராக்ஸ் கடைக்கு வேறொன்றைக் கொண்டுபோங்கள்.