அடக்கி வாசிக்கச் சொன்னவர்கள்

"தோழர், ஊர்ல ஒரு பிரச்சினைன்னா மொத ஆளா வந்து நிக்கிறீங்க. தமிழ் எம்.ஏ. வேற. அப்புறம் எதுக்கு இந்த வெள்ளைக்காரன் கித்தார் சத்தம்?"

கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுகிறார். எங்கள் வாசிப்பு வட்டம் கொண்டுவரும் சிற்றேட்டில், புதுசாக வருகிற ராக் ஆல்பங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறேன். பிடித்த பேண்டுகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து கேட்கிறேன். இதெல்லாம் மேட்டுக்குடிப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, இயக்கத்துக்காரிக்கு எதற்கு என்பது தோழர்களின் வருத்தம். அதற்கு விரிவாகவே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், இது வெள்ளைக்காரன் சொத்து இல்லை. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்கிற கறுப்பினப் பெண் தேவாலயப் பாட்டுக்கு மின்சாரக் கித்தார் வாசித்த வாசிப்பிலிருந்து கற்றுக்கொண்டவர்கள்தான் பின்னால் ராக் நாயகர்கள் ஆனார்கள். அந்த அம்மா 1973இல் செத்துப்போனார். ராக் இசையின் புகழ்மண்டபத்தில் அவர் பேரைச் சேர்த்தது 2018இல். உழைப்பு ஒருத்தருடையது, பேர் இன்னொருத்தருடையது. இந்தக் கணக்கு நமக்குப் புதுசா என்ன?

'இண்டி' என்றால் சுயேச்சை. பெரிய கம்பெனியின் காசுக்குக் காத்திருக்காமல் தானே பதிவுசெய்து, தானே விற்பது. 1980இல் வாஷிங்டனில் சில இளைஞர்கள் 'டிஸ்கார்ட்' என்ற பேரில் தங்களுக்கென்று ஒரு சின்ன இசை நிறுவனம் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்த ஃபுகாஸி பேண்ட், யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று கச்சேரிக்கு ஐந்து டாலர்தான் வாங்கப் பார்த்தது. இதைப் படித்தபோது எனக்கு 1907தான் ஞாபகம் வந்தது. ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் தன் பத்திரிகைக்கு விலையையே பேராக வைத்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று நடத்தினாரே, அதுவும் இண்டிதான்.

ஆனால் சுயேச்சை என்றதும் அங்கே எல்லாரும் சமம் என்று நினைத்துவிடக் கூடாது. டெட்ராய்ட் நகரத்தில் டேவிட், பாபி, டேனிஸ் என்று மூன்று கறுப்பினச் சகோதரர்கள் இருந்தார்கள். அப்பா விபத்தில் இறந்துபோனார். சாவைக் கண்டு மிரளக் கூடாது என்று டேவிட் தங்கள் பேண்டுக்கு 'டெத்' என்றே பேர் வைத்தார். கறுப்பர்கள் என்றால் ஆட்டப்பாட்டுதான் போட வேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில், 1975இல், இவர்கள் வேகமான கித்தாரில் ஏழு பாட்டுப் பதிவுசெய்தார்கள். பேரை மாற்றினால் ஒப்பந்தம் என்றது பெரிய கம்பெனி. டேவிட் முடியாது என்றார். கதை முடிந்தது. 1976இல் சொந்தக் காசில் 500 தட்டு போட்டுக் கையால் விற்றார்கள். டேவிட் 2000இல் இறந்தார். சாவதற்கு முன்னால் மூல நாடாக்களைத் தம்பி பாபியிடம் கொடுத்து, உலகம் ஒருநாள் இதைத் தேடிவரும், பத்திரமாய் வை என்றாராம்.

தேடி வந்தது. 2009இல் 'டிராக் சிட்டி' என்ற சுயேச்சை நிறுவனம் ஏழு பாட்டையும் ஆல்பமாக வெளியிட்டது. 34 வருஷம் கழித்து.

பேரை மாற்றச் சொல்வது என்ன வன்முறை என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் கவலை அதற்கு அடுத்த கட்டம். ஆல்பம் வந்ததும் எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே சேதியைத்தான் சொன்னார்கள்: பங்க் பிறப்பதற்கு முன்பே இவர்கள் பங்க் வாசித்துவிட்டார்கள் என்று. பாராட்டுதான். ஆனால் 'லெட் த வேர்ல்ட் டர்ன்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். நிதானமாய், கனவு மாதிரி ஆரம்பிக்கிறது. பிறகு பாய்கிறது. அதில் டேனிஸின் டிரம்ஸ் தனியாகப் பேசுகிறது. பங்க் என்ற டப்பாவுக்குள் அது அடங்காது. யாருக்கு முன்னோடி என்று கேட்டவர்கள், என்ன வாசித்தார்கள் என்று கேட்கவில்லை. வரலாற்றில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டால் காது கொடுக்க வேண்டியதில்லை போலும்.

நான் தொடர்ந்து கேட்கிற இன்னொருவர் பார்ட்டீஸ் ஸ்ட்ரேஞ்ச். இங்கிலாந்தில் பிறந்து ஓக்லஹோமாவில் வளர்ந்தவர். 'தி நேஷனல்' பேண்டின் கச்சேரிக்குப் போனவர், கூட்டத்தில் தன்னைப் போன்ற கறுப்பர்களை விரல்விட்டு எண்ண முடிந்ததைப் பார்த்தார். விலகிப் போகவில்லை. அந்த பேண்டின் பாட்டுகளையே எடுத்துத் தன் குரலில், தன் தாளத்தில் புரட்டிப் போட்டு 2020இல் முதல் பதிவாக வெளியிட்டார். அதே வருஷம் 'லிவ் ஃபாரெவர்', 2022இல் 'ஃபார்ம் டு டேபிள்', 2025இல் 'ஹாரர்'. ஒரே ஆல்பத்துக்குள் ராக், ராப், நாட்டுப்புறக் கித்தார் என்று தாவுகிறார். நீ எந்த வகை என்று கேட்பவனுக்கு அவர் சொல்லும் பதில் அந்தத் தாவல்தான்.

அட்லாண்டாவின் 'அல்ஜியர்ஸ்' பேண்டும் எனக்குப் பிடிக்கும். 2015இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்தே கேட்கிறேன். கறுப்பர்களின் தேவாலயக் குரலை இயந்திர இரைச்சலோடு மோதவிடுகிறார்கள். அரசியலில் நம்ம பக்கம். இருந்தும் 2023இல் வந்த 'ஷூக்' ஆல்பத்தைப் பற்றி, 17 பாட்டு அதிகம், விருந்தாளிக் குரல்கள் நிறைந்து பேண்டின் சொந்தக் குரல் நடுவில் தொலைகிறது என்று எழுதினேன். அமெரிக்கப் பேண்டைக் குறை சொன்னதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நம்ம ஆளுங்களைச் சொன்னபோதுதான் சண்டை வந்தது.

2018 ஜனவரி 6ஆம் தேதி, கீழ்ப்பாக்கம். மார்கழி இன்னும் முடியவில்லை, சபாக்களில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அன்றுதான் முதன்முதலாக மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் குழு. சாதிபேதமற்ற தமிழர் என்ற பண்டிதரின் சொல்லாட்சியிலிருந்து பேர். கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாய்க் கிளம்பியபோது கூட்டத்தோடு கூட்டமாய் நானும் கத்தினேன். மறுநாளிலிருந்து படித்த விமர்சனங்களில் திரும்பத் திரும்ப மூன்று சொல்: கோபம், வலி, மண்வாசனை. ஒரு கானாத் தாளத்தின் மேல் ராக் டிரம்ஸ் எங்கே உட்கார்ந்தது, எங்கே விலகியது, கானாக்காரரின் குரல் இழுப்புக்குக் கித்தார் எப்படி வழிவிட்டது? ஒருத்தரும் எழுதவில்லை. சபாவில் பாடுகிறவருக்கு ராகம், தாளம், கமகம் என்று அலசல். நமக்கு மண்வாசனை. அங்கே கலை, இங்கே உணர்ச்சி. தீட்டு இப்படியும் வேலை செய்யும்.

இந்த அலையில் ஊர் ஊருக்குப் பையன்கள் பேண்ட் ஆரம்பித்தார்கள். எங்களுக்குத் தெரிந்த பையன்கள் ஒரு குழு. இரண்டு பறை, ஒரு கித்தார், ஒரு பேஸ், பாட ஒரு பெண். கடன் வாங்கி ஐந்து பாட்டுப் பதிவுசெய்து கொண்டுவந்தார்கள். கேட்டேன். பாட்டு நல்ல பாட்டு. ஆனால் பறை செத்துக் கிடந்தது. கித்தார் முன்னால் நிற்க, பறை எங்கேயோ பக்கத்துத் தெருவில் அடிக்கிற மாதிரி 'தொப் தொப்' என்றது. சிற்றேட்டில் அப்படியே எழுதினேன்: இதில் பறை கீழே உட்காரவைக்கப்பட்டிருக்கிறது, தோலும் காயவில்லை.

தோழர்கள் கொதித்தார்கள். "நம்ம புள்ளைங்களே இப்பதான் தலையெடுக்குது. நாமளே மட்டம் தட்டினா எவன் மதிப்பான்?" நான் சொன்னேன், தட்டிக்கொடுத்து அனுப்புவது பிச்சைக்காரனுக்கு, கலைஞனுக்குக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். பெரிய வாக்குவாதம். சிலர் இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பறை அடிக்கிற தம்பி வந்தான். அவனும் கோபமாகத்தான் வந்தான். பேசப் பேசத்தான் சேதி வெளியே வந்தது.

"அக்கா, ஸ்டுடியோவுல ஏசி. தோலு தொய்ஞ்சு போச்சு. வெளிய வாசல்ல கொஞ்சம் வைக்கோல் கொளுத்தி காய்ச்சிக்கிறோம்னு கேட்டோம். கட்டடத்துக்குள்ள அதெல்லாம் கூடாதுன்னுட்டாங்க. அடிக்க ஆரம்பிச்சா, மைக் தாங்காது, கொஞ்சம் அடக்கி வாசிங்கன்னு சொல்றாங்க. ரெண்டு பறைக்கும் சேத்து ஒரே மைக்கு. கித்தாருக்குத் தனியா ரெண்டு."

அடக்கி வாசி. நம் அப்பனுக்கும் பாட்டனுக்கும் தெருவில் சொன்ன அதே வார்த்தை, கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து, மரியாதையாய், 'ங்க' போட்டு வந்திருக்கிறது.

எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியம் படித்தேன். ஒவ்வொரு நிலத்துக்கும் யாழ் உண்டு, பறையும் உண்டு என்று கருப்பொருள் பட்டியல் சொல்கிறது. மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தோம். பறையைக் காய்ச்ச வேண்டும் என்றோ, சிண்டுக்குச்சிக்கும் அடிக்குச்சிக்கும் வேறு வேறு வேலை என்றோ அந்த வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. ஏட்டில் இருக்கிற பறைக்கு மரியாதை, அடிக்கிறவனுக்கு இல்லை. கேட்கத் தெரியாதவனால் சமமாக நடத்தவும் முடியாது. அந்த ஸ்டுடியோக்காரர் கெட்டவராகக்கூட இல்லாமல் இருக்கலாம். அவருடைய காதில் கித்தார் இசை, பறை சத்தம். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் நூற்றாண்டுகளாய் நம்மைக் கொல்கிறது.

அடுத்த பதிவை அவர்கள் ஒரு சமூகக் கூடத்தில் எடுத்தார்கள். வாசலில் நெருப்பு, பறைக்கு ஆளுக்கொரு மைக். கேட்டேன். பறை முன்னால் நிற்கிறது, பேஸ் அதைத் தாங்குகிறது. பாடுகிற பெண்ணின் மேல்ஸ்தாயி இன்னும் கொஞ்சம் தெளிய வேண்டும், மூன்றாவது பாட்டு ஒரு நிமிஷம் நீளம். அதையும் எழுதியிருக்கிறேன்.

எழுத வருகிற மாணவத் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். நம் பாட்டைப் பற்றி எழுதும்போது கோபம், வலி, மண்வாசனை என்ற மூன்று சொல்லையும் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வையுங்கள். யார் வாசித்தார்கள் என்று பேர் போடுங்கள். எந்தக் கருவி முன்னால், எது பின்னால், யார் அப்படி வைத்தது என்று கேளுங்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். அதற்கு இரண்டு தரம் இல்லை, பத்துத் தரம் கேட்க வேண்டியிருக்கும். நம் பிள்ளைகளின் வாசிப்பு அந்தப் பத்துத் தரத்துக்கு உரியது.